தாத்தாவுக்கு வைத்த பொறி

பொறிக்குள் வைத்த கேக் அப்படியே இருந்தது. அதை ஒட்டி வைத்திருந்த பரிசுப் பொட்டலமும் இருந்தது, ரிப்பன்கூடக் கலையவில்லை. பொட்டலத்தின் மேல் ஊக்கு குத்தி வைத்திருந்த பெயர்ச் சீட்டை மட்டும் காணோம். கிழித்து எடுத்திருந்தால் ஊக்கில் ஒரு துணுக்காவது மாட்டியிருக்க வேண்டும், கழற்றி எடுத்திருந்தால் ஊக்கு திறந்திருக்க வேண்டும், மூடிய ஊக்கு மூடியபடியே இருக்க ஒரு சீட்டு எப்படிப் போகும் என்று செலின் கையில் காபி டம்ளரோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். கேக்கை எறும்புகூடத் தொட்டிருக்கவில்லை. சைனிக்புரி எறும்புகளோடு குடித்தனம் நடத்தியவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று தெரியும்.

"நோவா! சீட்ட யாரு எடுத்தது?"

எட்டு வயது நோவா வாய் நிறைய பேஸ்ட் நுரையோடு வந்தான். "நேனு காது மம்மி," என்றான். நான் இல்லை என்பதைக்கூடத் தெலுங்கில்தான் சொல்வான். அந்த வீட்டில் தமிழ் ஒருவழிப் பாதை. செலினும் அவள் கணவன் ஃபெலிக்ஸும் தமிழில் பேசுவார்கள். பிள்ளைகள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு தெலுங்கிலோ இந்தியிலோ இங்கிலீஷிலோ பதில் கொடுப்பார்கள். ஐந்து வயது பிளெசி அதிலும் மோசம். அவள் வாயிலிருந்து முழுசாக ஒரு தமிழ் வாக்கியம் கேட்க வேண்டும் என்பது செலினுடைய நெடுநாள் ஆசை.

பொறி வைக்கும் யோசனை பிளெசியுடையது. காரணம் ஜார்ஜ் அங்கிளின் செருப்பு.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கேரல் பாட வருவதற்கு நாலு நாள் முன்பே பெற்றோர் பரிசை வாங்கிப் பொட்டலம் கட்டி, பிள்ளையின் பெயரைச் சீட்டில் எழுதிக் குத்தி, பாடகர் குழுவின் ஸ்டெல்லா ஆன்ட்டியிடம் ரகசியமாகச் சேர்த்துவிட வேண்டும். முகமூடியும் பஞ்சுத் தாடியும் கட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா வாசலில் ஆடிக்கொண்டே வந்து மூட்டைக்குள் கைவிடுவார். சீட்டைப் படித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டால் போக வேண்டும். பயந்து அழுதாலும் அம்மாக்கள் முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுவார்கள். செலினையும் அப்படித்தான் தள்ளினார்கள், அவள் அம்மாவையும்.

இந்த வருஷம் தாத்தா பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பிளெசி போனாள், குனிந்தாள், அவர் காலிலிருந்த செருப்பைப் பார்த்தாள். "ஏ தோ ஜார்ஜ் அங்கிள் ஹை!" என்று, இது நம்ம சபை ஜார்ஜ் அங்கிள்தானே என்று, தெருவே கேட்கக் கத்திவிட்டாள். அன்றிலிருந்து ஒரே பிடிவாதம். நிஜத் தாத்தா வேறு எங்கேயோ இருக்கிறார், அவரைப் பொறி வைத்துப் பிடிக்க வேண்டும், பிடித்து ஒரு செல்ஃபி எடுக்க வேண்டும்.

செலினுக்கு இந்த மாதிரி காரியம் என்றால் உயிர். ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் பி.டி. டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூவரும் தரையில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பிளாக்ஸ் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, சிவப்பும் பச்சையுமாகப் பூனை நுழையும் அளவுக்கு ஒரு வீடு கட்டினார்கள். மேலேயிருந்து சறுக்கி விழும் கதவு. கதவைத் தூக்கிப் பிடிக்க ஒரு நூல். நூலின் மறுமுனை பொட்டலத்தில். பொட்டலத்தை இழுத்தால் முடிச்சு அவிழும், கதவு விழும். அந்த முடிச்சைப் போட்டது செலின். கயிறு இழுக்கும் போட்டிக்குத் தானே கண்டுபிடித்த முடிச்சு என்று அவளுக்குப் பெருமை வேறு.

சீட்டு வேண்டும் என்று கேட்டதும் பிளெசிதான். சீட்டு இல்லாவிட்டால் தாத்தா யாரைக் கூப்பிடுவார்? நியாயமாகத்தான் பட்டது. சபைச் சீட்டுகள் தமிழில்தான் இருக்கும். செலினும் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக 'பிளெசி' என்று தமிழில் எழுதிக் குத்தினாள். சீட்டை இதுவரை அவள் ஸ்டெல்லா ஆன்ட்டி கையில்தான் கொடுத்திருக்கிறாள். யார் கையிலும் கொடுக்காமல் வெளியே வைத்தது அதுதான் முதல் தடவை.

சீட்டு காணாமல்போன அந்தத் திங்கட்கிழமை மதியம் அவள் அடுப்பில் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சத்தத்துக்கு நடுவே ஹாலில் யாரோ கூப்பிட்டது கேட்டது. உரக்க இல்லை, எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்ப்பார்களே, அப்படி.

"பி… ளெ… சி…"

அவள் கரண்டியோடு ஹாலுக்கு வந்தாள். நோவா வாசல் படியில் தன் பாட்டுக்குச் சைக்கிள் செயினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பிளெசி பொறிக்கு முன்னால் நின்றாள், ஒரு கையை நீட்டியபடி. ஹாலில் ஒரு வாடை அடித்தது. சின்ன வயதில் முகமூடி போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு விட்டால் உள்ளே ஒரு ஈரம் கட்டுமே, சூடான பிளாஸ்டிக்கும் எச்சிலும் கலந்தது, அந்த வாடை.

"தாத்தா புலாரே மம்மி," என்றாள் பிளெசி. தாத்தா கூப்பிடுகிறாராம்.

"தாத்தாவும் நக்கோ, ஒண்ணும் நக்கோ. கிச்சனுக்கு வா." வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் நக்கோ அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனபோது எண்ணெயில் முறுக்கு கருகியிருந்தது. செலின் அடுப்பை அணைத்தாள். பயந்ததற்காகத் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் காலை பொறி வளர்ந்திருந்தது.

அவள் இடுப்பு உயரம். அவர்களிடம் இருந்த பிளாக்ஸ் எல்லாவற்றையும் அடுக்கினாலும் அதில் கால்பங்கு வராது. சிவப்பும் பச்சையும் அடிவாரத்தில் எங்கோ கிடக்க, மேலே முழுக்கப் பழுப்பு. வெகு நாள் வெயில் பட்ட, பல விரல்கள் பட்டு ஓரம் மழுங்கிப்போன பழுப்பு. "இதி மனதி காது," என்று முணுமுணுத்தான் நோவா, இது நம்முடையது இல்லை என்று. அது செலினுக்கே தெரிந்தது. அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஐந்து வயதுக் குழந்தை உட்காரும் அளவுக்கு ஒரு திண்டு. திண்டின் மேல் பிளெசிக்குப் பிடித்த ஆரஞ்சு மிட்டாய், தாள் பிரித்து, தயாராக. மிட்டாயிலிருந்து ஒரு நூல். நூலில் அவளுடைய முடிச்சு. அவள் கண்டுபிடித்த முடிச்சு.

பொறி வைக்க அது அவளிடமே கற்றுக்கொண்டிருந்தது.

ஒரு பிளாக்கைப் பிடுங்கித் திருப்பினாள். அடிக்குழியில் மடித்து வைத்த ஒரு சீட்டு. மசிப் பேனா எழுத்து, ஓரம் மக்கிய காகிதம்: 'எஸ்தர்'. இன்னொன்று: 'சுகிர்தம்'. இன்னொன்று: 'டேவிட்'. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அம்மாவின் கையெழுத்து. ஒன்பதாவது சீட்டோடு அவள் பிரிப்பதை நிறுத்தினாள். எத்தனை பிளாக்ஸ் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

பயந்தாள். அதை மறைப்பானேன். ஆனால் செலினுக்குப் பயம் வந்தால் கூடவே ரோஷமும் வந்துவிடும். பள்ளியில் எல்லாருக்கும் அது தெரியும். கிரிக்கெட் மட்டையை எடுத்தாள். பத்து நிமிஷத்தில் அந்த வீடு தரைமட்டம். பழுப்பை மட்டும் பொறுக்கி மூன்று கோணிப்பைகளில் அள்ளி, குப்பை ஆட்டோவில் அவளே தூக்கிப் போட்டாள். திரும்பி வந்து காலி ஹாலின் நடுவில் நின்றாள்.

"என் வீட்டுக்குள்ள வந்து என் பிள்ளைக்கே பொறி வெக்கிறியா? வா. வந்து பாரு."

யாரோ கவனமாகக் கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

அன்று ராத்திரி நாலு பேரும் ஒரே அறையில், விளக்கை அணைக்காமல் படுத்தார்கள். ஃபெலிக்ஸ் எல்லாவற்றையும் கேட்டான், ஒரு பழுப்பு பிளாக்கைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை, அரை மனதோடு நம்பினான். மறுநாள் இருபத்துநாலாம் தேதியும் அவனுக்குக் கச்சிபௌலியில் வேலை. வீடு திரும்ப எட்டரை ஆகும். சாயங்காலம் போன் செய்தான்.

"செலின், நான் கேப் புக் பண்றேன். பிள்ளைங்களக் கூட்டிட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டுக்குப் போயிரு."

"கைக்கு? நான் எதுக்குப் போகணும்? வந்தது அது. போக வேண்டியதும் அதுதான்."

"பிடிவாதம் பிடிக்காதப்பா."

"அதுகிட்ட பிளெசி பேரு இருக்கு, ஃபெலிக்ஸ். ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டுக்குப் போனா அங்கயும் கூப்பிடும். எங்க போனாலும் கூப்பிடும். இன்னிக்கு இங்கயே முடிச்சிடறேன்."

அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பழைய சிவப்பு, பச்சை பிளாக்ஸில் பொறியை மறுபடி கட்டினாள், அதே அளவு, அதே கதவு. இந்த முறை பொட்டலத்தில் அவள் குத்திய சீட்டில் 'செலின்' என்று இருந்தது. பெயர்தான் வேண்டுமென்றால் என் பெயரை எடுத்துக்கொள். வந்து என்னைக் கூப்பிடு. வருகிறேன்.

ஆறு மணிக்குள் ஜன்னல்களைச் சாத்தினாள். வாசல் கதவில் பூட்டுப் போடாமல் தாழ்ப்பாள் மட்டும் போட்டாள். மேல் வீட்டு ராகவேந்திரா குடும்பம் மகளிடம் போயிருந்ததால் மாடியில் நடமாட்டமில்லை. எதிர்வீட்டு நஸ்ரின் வீட்டு டிவி மட்டும் லேசாகக் கேட்டது. சோபாவில் உட்கார்ந்து பிளெசியை மடியில் வைத்துக்கொண்டாள். நோவா பக்கத்தில். அவன் கழுத்தில் தன் விசிலை மாட்டிவிட்டாள்.

"கயிறு இழுக்கறதுல நம்ம ரூல் என்ன?"

"விசில் வர்ர வரைக்கும் சோட்னா நை!" என்று கத்தினாள் பிளெசி. "ஆமா, விசில் ஊதினாதான் விடணும்," என்றாள் செலின்.

சரியாக ஆறே முக்காலுக்குக் கரண்ட் போனது. வாசலில் தொங்கிய நட்சத்திரம் அணைந்தது. அவர்கள் வீட்டு இன்வெர்ட்டர் கிழட்டு இன்வெர்ட்டர், யோசித்து யோசித்துத்தான் கண் திறக்கும். வழக்கமாகப் பத்து எண்ணலாம். செலின் எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு. நஸ்ரின் வீட்டு டிவியும் நின்றுபோன அந்த நிசப்தத்தில், தரைக்குப் பக்கத்தில், பஞ்சு உரசுகிற சத்தம். மூன்று. ஈர பிளாஸ்டிக் வாடை. நாலு. "பிளெசி," என்றது, இப்போது எழுத்துக் கூட்டாமல், தடங்கலே இல்லாமல், செலினின் குரலிலேயே. ஐந்து. மடியில் குழந்தை அசைந்தாள், ஒரு கணம் கனம் குறைந்தது, மறுகணம் திரும்பி வந்து இன்னும் நெருங்கி உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆறு. ஏழு.

டக்கென்று கதவு விழுந்தது.

விளக்கு வந்தது.

பொறி கதவு மூடி நின்றது. இடுப்பு உயரம், முழுக்கப் பழுப்பு. பொட்டலம் வெளியே கிடந்தது, ஊக்கு மூடியிருந்தது, 'செலின்' சீட்டைக் காணோம். உள்ளே ஏதோ சுவரில் மோதியது.

"மாட்டிச்சு!" என்று எழுந்தே விட்டாள் செலின், மடியிலிருந்ததைத் தோளில் தூக்கிக்கொண்டு. "நோவா, மாட்டிச்சுடா!" காலால் டீப்பாயைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். ஒரு நாற்காலி, இன்னொரு நாற்காலி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை பெயரைத் தின்றது, கடைசியில் ஒரு பி.டி. டீச்சரிடம் மாட்டியது.

உள்ளேயிருந்து அழுகை வந்தது. "மம்மி! கோலோ மம்மி! டர் லக்ரா!"

திறக்கச் சொன்னது. பயமாக இருக்கிறதாம். அச்சு அசலாகப் பிளெசியின் குரல், விக்கல்கூட அதே விக்கல். நோவா மிரண்டுபோய் அவளைப் பார்த்தான். செலின் தோளிலிருந்த தலையைத் தடவினாள்.

"நக்கோ!" என்று பொறியைப் பார்த்துக் கத்தினாள். "என் பிள்ளை மாதிரிப் பேசினா ஏமாந்துருவேனா? அங்கயே கிட!"

தோளில் முகம் புதைத்திருந்தது அவள் காதில் மெதுவாகச் சொன்னது.

"திறக்காதீங்க அம்மா. அது பொய் சொல்லுது."

அழகான தமிழ். முழு வாக்கியம். ஒரு எழுத்து பிசகவில்லை.

செலின் அசையவில்லை. தடவிக்கொண்டிருந்த கை தலையிலேயே நின்றது. தலைமுடிக்கு நடுவே, காதுக்குப் பின்னால், விரலில் ஏதோ தட்டுப்பட்டது. மெல்லிய எலாஸ்டிக் கயிறு.

அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் கை விட்டுவிடும் என்று தெரிந்தது. விடக் கூடாது. இடக்கை மணிக்கட்டை வலக்கையால் பற்றினாள். கயிற்றைப் பிடிக்கும் பிடி. பொறிக்குள் பிளெசி அழுதாள். அவளுடைய பிளெசி. தானே முட்டுக் கொடுத்து அடைத்த கதவுக்குப் பின்னால்.

சீட்டு தமிழில் இருந்தது. அதற்குக் கிடைத்த மொழி அது மட்டும்தான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். குரலை ஒரு துளி மாற்றாமல், தாலாட்டுகிற தொனியிலேயே நோவாவிடம் சொன்னாள், இந்தியில்.

"நோவா, வோ தோடோ. பெஹன் கோ லேகோ நஸ்ரின் ஆன்ட்டிகே கர் பாகோ. பாஹர் ஜாகே சீட்டி பஜாவ்."

அதை உடை. தங்கையைக் கூட்டிக்கொண்டு நஸ்ரின் ஆன்ட்டி வீட்டுக்கு ஓடு. வெளியே போனதும் விசில் ஊது. நோவா ஏன் என்று கேட்கவில்லை. அம்மாவின் தோளில் இருந்ததன் முகம் அவன் பக்கம்தான் இருந்தது, அவன் பார்த்துவிட்டிருந்தான். அவன் உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் மட்டையை எடுத்தான்.

"அண்ணாகிட்ட என்னம்மா சொன்னீங்க?" என்றது காதருகே.

"ஒண்ணுமில்லடா தங்கம்."

முதல் அடி. நாற்காலி சரிந்தது. இரண்டாவது. பழுப்பு பிளாக்ஸ் தரையெல்லாம் சிதறின. அவள் அணைப்புக்குள் அது துள்ளியது. குழந்தையின் பலம் இல்லை. குழந்தையின் கனமும் இல்லை. அவள் சோபாவில் உட்கார்ந்து சாய்ந்து குதிகாலைத் தரையில் ஊன்றினாள். மூன்றாவது அடி. ஓட்டையிலிருந்து பிளெசி தவழ்ந்து வந்தாள், தலையெல்லாம் தூசி, ஒரு காலில் செருப்பு. "மம்மி!" என்று ஓடிவரப் பார்த்தவளை நோவா கையைப் பிடித்து இழுத்தான்.

"ஜாவ்!" என்று போகச் சொல்லி அலறினாள் செலின். "ஜாவ் பேட்டா!"

தாழ்ப்பாள். கதவு. படி. இரும்புக் கேட்டின் கிறீச். அவள் எல்லாவற்றையும் எண்ணினாள்.

அப்புறம் விசில். நீளமாக, தெரு முழுக்க. இரண்டு பிள்ளைகளும் வெளியே. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"விசில் ஊதியாச்சு அம்மா," என்றது. "ரூல். விடுங்க."

"நக்கோ," என்றாள் செலின்.

விட்டால் அது கேட்டைத் தாண்டும். பெயர் தெரியும். கூப்பிடும். அவள் பிடியை இறுக்கினாள். பதினாறு வருஷமாக விசில் ஊதினால் விடு என்று சொல்லிக்கொடுத்தவள், முதல்முறையாக விசிலுக்குக் கீழ்ப்படியவில்லை.

அது துள்ளுவதை நிறுத்தியது. கன்னத்தோடு கன்னம் வைத்தது. வழவழவென்று, ஈரமாக, விளிம்பு வெட்டும் பிளாஸ்டிக் கன்னம். அதற்கடியில் பஞ்சு முளைத்து அவள் தாடையில் உரசியது. கால் பக்கம் சத்தம். டக். சிதறிக் கிடந்த பிளாக் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறிப் பொருந்தியது. டக். டக். சோபாவைச் சுற்றி ஒரு வரிசை. அதன்மேல் ஒரு வரிசை. அவள் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. வாசல் மறைந்தது. நட்சத்திரம் மறைந்தது. வெளியே மறுபடி விசில், தொலைவாக. கையை விட்டால் எழுந்து தாண்டிவிடலாம்.

அவள் கையை விடவில்லை.

காதருகே காகிதம் பிரிக்கிற ஒலி. எழுத்துக் கூட்டிப் படிக்கிற குரல்.

"செ… லி…"

"படி," என்றாள் செலின், பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டு. "முழுசாப் படி. நான் இங்கதான் இருக்கேன்."

தலைக்கு மேல் கடைசி பிளாக் டக்கென்று பொருந்தியது.